சுவருக்குப் பின்னால் போகும் குழாய்

அண்ணனுக்கு,

நம் வரிசை வீடுகளின் கிணற்றில் உப்பைக் கலந்தது நீதான். வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை ஓடும். நலம் விசாரிக்கும் வரி இந்தக் கடிதத்தில் கிடையாது, ஏனென்றால் இங்கே நலம் கிடையாது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ, "சத்தம் கேக்கலம்மா, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிடுவாய். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

அண்ணிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் வீங்கியிருக்கிறது என்று போன தடவை சொன்னதற்கு, எல்லாருக்கும் வீங்குவதுதான் என்றாய். இப்போது செருப்பு நுழையவில்லை. காலையில் எழுந்தால் கண் இரண்டும் கோடாகத்தான் தெரிகின்றன. டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி கட்டிப் பார்த்தார். உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தாவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்பதை அண்ணியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

உப்பு டப்பாவை அன்றே பரண்மேல் ஏற்றிவிட்டேன். சோறு, பருப்பு, கீரை எதிலும் ஒரு கல் உப்பு இல்லை. வேடிக்கை என்னவென்றால் எங்கள் இருவருக்குமே சாப்பாட்டில் குறை தெரியவில்லை. என் கைப்பக்குவம் என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ரேடியோ அக்கா (வாய் மூடாததால் நீ வைத்த பெயர் இன்னும் அப்படியே நிற்கிறது) ஒரு நாள் எங்கள் பருப்பை வாங்கி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, பத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நீ உப்பு போட்டுத்தானே ஆக்கியிருக்க? புள்ளத்தாச்சிகிட்டயே திருட்டுத்தனமா?" என்று என்னைக் கிழித்துவிட்டாள். நான் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை.

பிறகு அண்ணியின் அம்மா மகளைப் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த தாகத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றியவர் அப்படியே எழுந்து பின்கட்டுக்கு ஓடித் துப்பினார். "இதையா குடிக்கிறீங்க? மாடுகூட வாய் வைக்காதேடி" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் எங்கள் நாக்கு அதோடு சேர்ந்தே ஏறிப் பழகிவிட்டது. வெளியூர் நாக்கு ஒன்று வரவேண்டியிருந்தது.

நீ வெளியூர் வேலைக்குப் போனபின் ஓட்டலில் உன் பழைய வேலையில் பாதியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நீ அங்கே கட்டிய கடல்மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைப்பது, மீனுக்குத் தீனி போடுவது, தண்ணீரில் உப்பு பார்ப்பது. அந்த உப்பு பார்க்கும் கருவியை மறுநாள் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, கண்ணை வைத்தேன். குடிக்கிற தண்ணீர் என்றால் நீலக்கோடு அடியில் கிடக்கவேண்டும். கிடக்கவில்லை, எழுந்து நின்றது. கழுவித் துடைத்து, கடையில் வாங்கிய தண்ணீரை விட்டுப் பார்த்தேன். அடியில் கிடந்தது. மறுபடி கிணறு. மறுபடி எழுந்து நின்றது.

உன்னோடு அந்தத் தொட்டிக்குக் குழாய் போட்ட பைப்புக்காரரைத் தேடிப் போனேன். முதலில் மழுப்பினார். அண்ணியின் காலைப் பற்றிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கண்ணன் சொன்ன பக்கம்தாம்மா வளைச்சேன். பின்னாடி வீடுங்க இருக்கேன்னு கேட்டேன். மண்ணுக்குள்ள குழி வெட்டி விட்டுடலாம், மண்ணு வடிகட்டிடும்னு சொன்னாரு. தொட்டி கட்டறவரு, தண்ணியப் பத்தி நம்மளவிட அவருக்குத் தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். தன் பெயரை எங்கும் இழுக்கக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு இன்றைக்கும் அந்த ஓட்டலில்தான் வேலை.

மண் வடிகட்டிவிடும். இதைச் சொன்னது நீ. பஞ்சு அழுக்கை எடுக்கும், மணல் கசடை எடுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கிருமி மீனின் கழிவைத் தின்னும், ஆனால் தொட்டிக்கு நாம் வைக்கிற எந்த வடிகட்டியும் உப்பை எடுக்காது, எடுத்தால் கடல்மீன் செத்துவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்ததும் நீதான். அந்தப் பாடம் சுவர் தாண்டியதும் மறந்துவிட்டதா?

வேலை ஆரம்பிக்கும் முன் நம் வீட்டுத் தரையில் சாக்பீஸால் இரண்டு விதமாக வரைந்து காட்டினாயே, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் படத்தில் தண்ணீர் வட்டமாகச் சுற்றியது. மேல்தொட்டியில் நிரம்பி வழிவது கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சில் வடியும், ஸ்கிம்மர் அதன் அழுக்கை நுரையாகக் கக்கும், மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். தொட்டிக்குள் இரண்டு மோட்டார் எதிரெதிரே நின்று அலையடிக்கும். தண்ணீர் அப்படியே சுழன்றுகொண்டிருக்கும், வெளியே போவது சொற்பம். இதுதான் சரி, மற்றதெல்லாம் சோம்பேறித்தனம் என்று நீயே சொன்னாய். ஆனால் கீழ்த்தொட்டிக்கு இடம் வேண்டும். முதலாளி அந்த இடத்தில் கல்லாப் பெட்டியை வைக்கவேண்டும் என்றார். உடனே நீ இரண்டாவது படத்துக்குத் தாவினாய். லாரியில் கடல்தண்ணீர் வரும், மொட்டைமாடியில் ஏறும், தானாகத் தொட்டிக்குள் இறங்கும், தானாக வெளியே போகும். மோட்டார் வேண்டாம், கரண்ட் போனாலும் ஓடும். அந்தப் படத்தில் வெளியே போகிற அம்பை ஓட்டலின் பின்சுவரோடு நிறுத்திவிட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் எதையும் வரையவில்லை. அந்தப் பக்கம் இருப்பது நம் வரிசை, நம் கிணறு, உன் பெண்டாட்டி.

உன் படத்தில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதலாளியிடம் பேசு. குழாய் எங்கே போகிறது என்று சொல், அடைக்கச் சொல். அது போதும்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் தங்கை


அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அவள் காட்டினாள். "கேன் தண்ணி வாங்கிக் குடிங்க. மஞ்ச மீன் சாப்பிடுதான்னு பாக்கச் சொல்லு." இவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபோது அண்ணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தொட்டியின் மஞ்சள் மீன் சாப்பிடுகிறது. உன்னைவிட என்னையே அதற்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடிவருகிறது.

கேன் தண்ணீர் வாங்குகிறோம். அண்ணி அதைக் குடிக்கிறாள். ஆனால் அதையே ஊற்றிச் சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் அவளுக்கு மனசு வருவதில்லை. நான் வேலைக்குப் போனதும் கிணற்றுத் தண்ணீரைத்தான் அடுப்பில் ஏற்றுகிறாள். கையும் களவுமாகப் பிடித்தேன். "வரிசையே இதைத்தானே பொங்கித் தின்னுது, எனக்கு மட்டும் என்ன ராஜவைத்தியம்?" என்று கேட்டாள். கேட்ட கேள்வி நியாயம்தான். வரிசையில் கேன் வாங்க முடிகிற வீடு நம்முடையது மட்டும். மற்றவர்களுக்கு நீ என்ன செய்தி அனுப்பப்போகிறாய்?

முதலாளியிடம் நானே போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னால் உன் தொட்டி நீலமாக எரிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து வேடிக்கை பார்த்தன. நான் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவேயில்லை. "உப்பு கூடவே வருதுன்னா சமையலுக்கு மிச்சம்தானேம்மா" என்றார். பக்கத்தில் நின்ற கேஷியர் சிரித்தார், சிரிக்கவேண்டியது அவர் வேலை. நான் சிரிக்காமல் நின்றதும் முதலாளி குரலை மாற்றினார். எல்லாத் தண்ணீரும் சாக்கடைக்குத்தான் போகிறது, கிணற்றில் உப்பு இருந்தால் அது உங்கள் மண்ணின் குணம் என்றார். உன் அண்ணனே சொல்லட்டும் அவன் போட்ட குழாய் எங்கே போகிறது என்று, அவன் சொன்னால் நாளைக்கே உடைக்கிறேன் என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நீ சொல்லமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு இப்போதிருக்கும் வெளியூர் வேலையை வாங்கிக் கொடுத்தது அவருடைய மச்சான் என்பதை எனக்கு நினைவூட்ட அவர் ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை.

தொட்டியை எடுக்கச் சொல்லவில்லை, அண்ணா. நானே யோசித்து வைத்திருக்கிறேன். கல்லாவை வாசல் பக்கம் நகர்த்தினால் கீழ்த்தொட்டிக்கு இடம் கிடைக்கும். ஸ்கிம்மர் ஒன்று, ஏற்றும் மோட்டார் ஒன்று, அலையடிக்க இரண்டு. உன் முதல் படம்தான். அப்போதும் எப்போதாவது கொஞ்சம் பழைய தண்ணீரை மாற்றவேண்டிவரும். அதைக் குழியில் விடவேண்டியதில்லை. கடல்தண்ணீர் கொண்டுவரும் லாரி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. அதிலேயே ஏற்றிக் கடலுக்கே அனுப்பிவிடலாம். லாரிக்காரரிடம் கேட்டேன். "ஏத்துனா எடுத்துட்டுப் போறேன், எனக்கென்ன, வண்டி எப்படியும் அங்கதானே போகுது" என்றார். வழி இல்லாமல் நாம் இப்படி இல்லை. வழி இருக்கிறது, அதற்குக் குறுக்கே ஒரு கல்லாப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

டாக்டரம்மா அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார். தலைவலி என்கிறாள். சில நேரம் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்கிறாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் அவள் விரல் பதிந்ததைவிட, என் விரல் அவள் கையில் பதிந்த பள்ளம்தான் ரொம்ப நேரம் மேலெழும்பாமல் இருந்தது.

முதலாளி உன் வாயிலிருந்து கேட்கவேண்டும் என்கிறார். உன் வாய்தானே, திற.

இப்படிக்கு,
தங்கை


அண்ணனுக்கு,

இரண்டு சாவு நடந்தது. நீ முதலாவதற்கு மட்டும் போன் செய்தாய்.

அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போய் மொட்டைமாடியில் ஏறினேன். மேலிருந்து தொட்டிக்கு இறங்கும் வால்வை மூடினேன். கை தவறி மூடியதாக யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லமாட்டேன். உள்ளே போவது நின்றால் வெளியே வருவது நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மீன் என்ன ஆகும் என்றும் தெரியும். நீ கட்டிய தொட்டியில் தண்ணீரைக் கலக்க வேறு மோட்டார் கிடையாது, மேலிருந்து விழுகிற தண்ணீர்தான் அதற்கு மூச்சு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைவதற்குள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மீன் முத்தம் கொடுக்கிறது என்று படம் பிடித்தார்கள். மஞ்சள் மீன் நான் நின்ற பக்கம் வந்தது. நான் விரலை வைக்கவில்லை. அதற்கும் எனக்கும் பகை இல்லை. அதைக் கொன்றது நான், அதை நீ மன்னிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

வேலை போயிற்று. அது இருக்கட்டும். அன்றே உன் போன் வந்தது. இத்தனை மாதமாகக் கேட்காத சத்தம் அன்றைக்கு உனக்கு நன்றாகக் கேட்டது. "உனக்கு மூளை இருக்கா? ஓட்டம் நின்னா தாங்காதுன்னு தெரியாதா? என் பேரு என்னாகும் அங்க?" என்று கத்தினாய். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ வைத்துவிட்டாய்.

அண்ணிக்கு அதன் பிறகு வலிப்பு வந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நான்கு பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லுக்கு நடுவே துணியைச் செருகப்போன ஒரு ஆயாவை டாக்டரம்மா திட்டிக்கொண்டிருந்தார். உடனே வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். என் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்றுத் தள்ளும் இயந்திரம். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது. கரண்ட் போகவில்லை. எந்த மோட்டாரும் நிற்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

தண்ணீரால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நேர்மையான மனுஷி, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். தண்ணீரைக் குடிக்காதவர்களுக்கும் இப்படி வருவதுண்டு என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, அந்தத் தண்ணீரை உங்கள் வரிசையில் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால் குடிக்க விடாதே என்றார். உனக்கு முதல் பாதி வேண்டுமானால் அதை வைத்துக்கொள். எனக்கு இரண்டாவது பாதி போதும்.

அண்ணி பிழைத்துக்கொண்டாள். பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ரேடியோ அக்கா தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த வாய் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஓட்டலில் செத்த மீன்களுக்காக என்மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்து, மீனின் பெயரையும் நிறத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். எழுதி முடித்ததும், எங்கள் வீட்டிலும் ஒரு சாவு நடந்திருக்கிறது, அதற்கும் ஒரு புகார் எழுதவேண்டும் என்றேன். யார் மேல் என்று கேட்டார் எழுதுகிறவர். முதலாளி பெயரைச் சொன்னேன். ஆதாரம் கேட்டார். குழாய் என்றேன். குழாய் தரைக்கு அடியில், தரைமேல் டைல்ஸ், டைல்ஸ் மேல் கல்லாப் பெட்டி. அவர் பேனாவை மூடிவிட்டார்.

தொட்டிக்குப் புதுமீன் வந்துவிட்டதாம். லாரியும் வழக்கம்போல வருகிறது. பின்சுவரில் காதை வைத்தால் தண்ணீர் இறங்கும் சத்தம் இங்கேயே கேட்கிறது.

மகளுக்குப் பெயர் வைக்கவில்லை. அண்ணி உன்னைக் கேட்டு வைக்கலாம் என்றிருந்தாள்.

இப்படிக்கு,
தங்கை


அண்ணனுக்கு,

வரிசையில் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்ததில் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சின்ன வயது, எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டார். உப்பு இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். ஓட்டல் தரையை உடைக்க உத்தரவு வாங்கவேண்டுமென்றால், குழாய் இன்ன இடத்துக்குத்தான் போகிறது என்று அதைப் போட்டவர் யாராவது சொல்லவேண்டும் என்றார். பைப்புக்காரர் ஊரிலேயே இல்லை. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது நான், என் அண்ணன் சொல்வார் என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணிகூட எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் போனில் சொன்னாலும் சரி, எழுதிக்கொள்கிறேன் என்றார். போனை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்து, கிணற்றின் விளிம்புச் சுவர்மேல் வைத்து, உனக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டேயிருந்தது, கடைசியில் தானாக வெட்டுப்பட்டது. மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மணி இரண்டு முறை ஒலிப்பதற்குள்ளேயே வெட்டுப்பட்டது. தானாக நிற்பதற்கும் ஒருவர் நிறுத்துவதற்கும் வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும், அண்ணா. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க அண்ணன் வேலையில இருப்பாரு போல" என்று என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

அண்ணி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ரேடியோ அக்காதான் வாயைத் திறந்தாள். அவள் மருமகளுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறதாம். அதுவரை எங்களிடம்கூட மறைத்து வைத்திருந்தாள். இப்போது அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, ஆய்வாளரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி வாங்க சார், ஒரே ஒரு தடவ வாங்க" என்று கெஞ்சினாள். அவர் வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதம் முதல் திங்கள், காலையில். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும்.

உன் வேலை போகும், தெரியும். அங்கே உன்னை வைத்திருப்பவர்கள் யார் என்பதும் தெரியும். உனக்கு ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று எனக்கும் தெரியாது. எனக்கு வேலை இல்லை, என்மேல் வழக்கு இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நீ நல்லவன், கெட்டவன் என்கிற பேச்சே இனி வேண்டாம். உன்னைத் திட்டி எழுதியதையெல்லாம் வேண்டுமானால் கிழித்துப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு.

திங்கட்கிழமை காலை போன் அடிக்கும். எடு. எடுத்து, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று சொல்.

உன் தங்கை